சர்க்கரையை நிறத்தால் அளப்பது: பெங்களூரில் எந்தச் சோதனை யாருக்கு உதவும்?

கரும்புச் சாற்றையும் இளநீரையும் தனித்தனிச் சோதனைக்குழாயில் எடுத்து, நீலநிறக் காப்பர் கரைசலான பெனடிக்ட் கரைசல் சேர்த்துச் சூடாக்கினால், இளநீர் செங்கல் சிவப்பாகிவிடும். அதைவிட மூன்று நான்கு மடங்கு இனிப்பான கரும்புச் சாறோ பச்சையிலோ மஞ்சளிலோ நின்றுவிடும். சோதனையில் பிழை எதுவும் இல்லை. பெனடிக்ட் கரைசல் பார்ப்பது ஒடுக்கும் சர்க்கரையை, அதாவது காப்பருக்கு எலக்ட்ரான் கொடுத்து நிறத்தை மாற்றும் சர்க்கரையை, மட்டும்தான். இளநீரில் பெரும்பகுதி குளுக்கோஸும் ஃபிரக்டோஸும், அவை ஒடுக்கும். கரும்புச் சாற்றில் பெரும்பகுதி சுக்ரோஸ், அது ஒடுக்காது.

அதனால் எந்தச் சோதனை மிகத் துல்லியமானது என்ற கேள்வி முதலில் வர வேண்டியதில்லை. எந்தச் சர்க்கரையைத் தேடுகிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. பள்ளி ஆய்வகத்துக்காகவோ, கல்லூரி புராஜெக்டுக்காகவோ, சிறிய அளவில் பழச்சாறும் கொம்புச்சாவும் (நொதிக்கவைத்த தேநீர்ப் பானம்) தயாரித்து விற்பதற்காகவோ பெங்களூரில் இதைச் செய்பவர்கள் பெரும்பாலும் கைக்குக் கிடைத்த முறையை எடுத்துக்கொண்டு, அது தராத விடையை அதனிடம் எதிர்பார்க்கிறார்கள்.

பெங்களூரில் தண்ணீர் 97 டிகிரியில் கொதிக்கிறது

கொதிக்கவைக்கும் எந்த முறையானாலும் இந்த ஊர்க்காரர்கள் மனதில் வைக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இங்கே தண்ணீர் ஏறக்குறைய 97 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். செய்முறையில் "கொதிக்கும் வாட்டர் பாத்தில் (குழாய்களை வைக்கும் நீர்த்தொட்டி) 5 நிமிடம்" என்று இருந்தால், சென்னையில் செய்பவருக்கும் இங்கே செய்பவருக்கும் கிடைப்பது ஒரே வெப்பம் அல்ல. மூன்று டிகிரி குறைவு என்றால் வினை அந்த அளவு மெதுவாக நடக்கும்; குறித்த நேரத்தில் நிறம் சற்று வெளுத்தே வரும்.

இதற்குத் தீர்வு எளிது. அளவு தெரிந்த குளுக்கோஸ் கரைசல்களை, அதாவது ஸ்டாண்டர்டுகளை, மாதிரியோடு அதே பாத்தில், அதே நேரம் வைக்க வேண்டும். இரண்டும் ஒரே அளவு பின்தங்குவதால் பிழை அடிபட்டுப் போகும். நிறத்திலிருந்து சர்க்கரை அளவைப் படிக்க, வேறு ஊர் ஆய்வகத்தில் போட்ட ஸ்டாண்டர்டு கிராஃபையோ போன வருட கிராஃபையோ வைத்துக் கணக்கிட்டால் விடை தப்பாக வரும். இங்கே அடிக்கடி நடக்கும் தவறு இது.

ஸ்டாண்டர்டுக்கு டெக்ஸ்ட்ரோஸ் வாங்கும்போது பாட்டிலின் லேபிளைப் படியுங்கள். நீரற்றது என்றால் 100 மி.கி. எடுத்து 100 மி.லி. ஆக்கினால் மி.லி.க்கு 1 மி.கி. மோனோஹைட்ரேட் என்றால் 110 மி.கி. எடுக்க வேண்டும், ஏனென்றால் அதன் எடையில் பதினொன்றில் ஒரு பங்கு தண்ணீர். கடையில் விற்கும் குளுக்கோஸ் பானப் பொடியில் வேறு பொருள்களும் கலந்திருக்கும் என்பதால் அது இதற்கு ஆகாது. கரைசல்களுக்கு வாலை வடித்த நீர் அல்லது அயனி நீக்கிய நீர் மட்டும். கடினத்தன்மை மிகுந்த போர்வெல் தண்ணீர் பெனடிக்ட் கரைசலில் உள்ள கார்பனேட்டோடு சேர்ந்து கலங்கிவிடும்.

பெனடிக்ட்: இருக்கிறதா, ஏறக்குறைய எவ்வளவு

ஒரு லிட்டர் கரைசலுக்கு காப்பர் சல்ஃபேட் (மயில்துத்தம்) 17.3 கிராம், சோடியம் சிட்ரேட் 173 கிராம், நீரற்ற சோடியம் கார்பனேட் 100 கிராம். சிட்ரேட்டையும் கார்பனேட்டையும் சுமார் 800 மி.லி. வெந்நீரில் ஒன்றாகக் கரைத்துக்கொண்டு, 100 மி.லி. நீரில் தனியாகக் கரைத்த காப்பர் சல்ஃபேட்டைக் கலக்கிக்கொண்டே மெதுவாக ஊற்ற வேண்டும். வரிசையை மாற்றி, சிட்ரேட் இல்லாத இடத்தில் காப்பரும் கார்பனேட்டும் சந்தித்தால் வெளிர்நீல வீழ்படிவு வந்து கரைசல் வீணாகும். சரியாகச் செய்த கரைசல் மாதக் கணக்கில் கெடாது.

5 மி.லி. கரைசலில் 8 சொட்டு மாதிரி, கொதிக்கும் பாத்தில் 5 நிமிடம். நீலம் மாறவில்லை என்றால் ஒடுக்கும் சர்க்கரை இல்லை. பச்சை சுமார் அரை சதவீதம் வரை, மஞ்சள் ஒரு சதவீதம் வரை, ஆரஞ்சு ஒன்றரை வரை, செங்கல் சிவப்பு என்றால் இரண்டும் அதற்கு மேலும். இளநீரும் திராட்சைச் சாறும் நேரடியாகச் சிவப்புக்குப் போய்விடும். அதற்கு மேல் எவ்வளவு என்பதை இந்த முறை சொல்லாது. பத்து மடங்கு நீர்த்து வைத்தால்தான் ஒப்பிட முடியும்.

நிறத்தைக் கலரிமீட்டரில் (கரைசல் ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்று காட்டும் கருவி) வைத்து எண்ணாக மாற்றலாமா என்று பலர் கேட்கிறார்கள். உருவாவது கரையாத குப்ரஸ் ஆக்சைடு. அது ஒளியைச் சிதறடிக்கும், நிமிடத்துக்கு நிமிடம் அடியில் படியும். படிவை மையவிலக்கிலோ வடிதாளிலோ நீக்கி, மேலே மீந்த நீலம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று 700 நானோமீட்டர் அருகில் சிவப்பு ஃபில்டரோடு பார்த்தால் ஓரளவு சரியான எண் கிடைக்கும். பள்ளி அளவில் அதுவே போதும். ஆனால் நெல்லிக்காய்ச் சாற்றை இந்த வழியில் சோதிக்காதீர்கள். அதில் உள்ள வைட்டமின் சி தானே காப்பரை ஒடுக்கிவிடும், சர்க்கரை கூடுதலாக இருப்பதாகத் தெரியும்.

டி.என்.எஸ்.: கலரிமீட்டர் இருந்தால் முதல் தேர்வு

அன்றாட வேலைக்கு எங்கள் பரிந்துரை இதுதான். டி.என்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லும் 3,5-டைநைட்ரோசாலிசிலிக் அமிலம் காரக் கரைசலில் மஞ்சளாக இருக்கும். ஒடுக்கும் சர்க்கரையோடு சூடாகும்போது அதன் ஒரு நைட்ரோ தொகுதி அமினோவாக மாறி ஆரஞ்சு சிவப்பு நிறம் தரும். நிறம் கரைசலிலேயே நிற்கும், படியாது. அதனால் 540 நானோமீட்டரில் நேராகப் படிக்கலாம். நொதி ஆய்வகங்களில் இன்றும் பயன்படும் வடிவத்தை மில்லர் 1959இல் வெளியிட்டார்.

100 மி.லி. வினைப்பொருளுக்கு: 1 கிராம் டி.என்.எஸ். தூளை 2 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 20 மி.லி.யில் கரையுங்கள். 30 கிராம் ரோஷல் உப்பை, அதாவது சோடியம் பொட்டாசியம் டார்ட்ரேட்டை, 50 மி.லி. நீரில் தனியாகக் கரைத்துச் சேர்த்து 100 ஆக்குங்கள். ரோஷல் உப்பு எதற்கு என்றால், நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் நிறத்தைத் தின்றுவிடும். உப்பு அடர்த்தியானால் ஆக்சிஜன் கரைவது குறையும். பழுப்புப் பாட்டிலில், மூடி இறுக்கி, வெளிச்சம் படாமல் வையுங்கள்.

செய்முறை:

1. மி.லி.க்கு 1 மி.கி. குளுக்கோஸ் கரைசலில் 0, 0.2, 0.4, 0.6, 0.8, 1.0 மி.லி. எடுத்து ஒவ்வொன்றையும் நீரால் 1 மி.லி. ஆக்குங்கள். 0 என்பதுதான் பிளாங்க், அதாவது சர்க்கரையே இல்லாத ஒப்பீட்டுக் குழாய்.
2. நீர்த்த மாதிரி 1 மி.லி., மூன்று குழாய்களில்.
3. எல்லாவற்றிலும் டி.என்.எஸ். 1 மி.லி. விட்டுக் கலக்கி, வாயில் கோலிக்குண்டோ அலுமினியத் தாளோ வைத்து மூடுங்கள்.
4. கொதிக்கும் பாத்தில் ஒரே ரேக்கில், ஒரே நேரத்தில் இறக்குங்கள். புத்தகம் 5 நிமிடம் என்றால் இங்கே 10 நிமிடம் வையுங்கள். நிறம் முழுமையாக எழும்.
5. ஒன்றாக எடுத்து, குளிர்ந்த நீரில் வைத்து அறை வெப்பத்துக்குக் கொண்டுவாருங்கள். 8 மி.லி. நீர் சேர்த்துக் கலக்கிப் படியுங்கள்.

சின்ன வாட்டர் பாத்தில் இருபது குளிர்ந்த குழாய்களை இறக்கினால் கொதி அடங்கிவிடும். மறுபடி கொதிக்க ஆரம்பித்த பிறகு நேரத்தைக் கணக்கிடுங்கள், அல்லது பெரிய பாத்திரத்தில் நீரைக் கூட்டுங்கள். சூடாக இருக்கும்போதே படிக்கவும் கூடாது. இந்த நிறத்தின் அளவு வெப்பத்தோடு மாறும்.

கிராஃப் போடும்போது பெரும்பாலானவர்கள் கோட்டைப் பூஜ்ஜியத்தின் வழியாக வலிந்து இழுக்கிறார்கள். டி.என்.எஸ். கோடு பொதுவாக அங்கே போகாது. மிகக் குறைந்த அளவில் கரைந்த ஆக்சிஜன் முதலில் கொஞ்சம் நிறத்தை விழுங்குவதால், கோடு பூஜ்ஜியத்துக்குச் சற்று வலப்பக்கம் தள்ளித்தான் தொடங்கும். அதை அப்படியே விடுங்கள். மாதிரியின் அளவீடு 0.2க்கும் 1.0 மி.கி.க்கும் நடுவில் விழும்படி நீர்த்துக்கொண்டால் கவலையே இல்லை.

நீர்ப்பதற்கு ஒரு கணக்கு. சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டில் சீசனில் குவியும் பெங்களூர் ப்ளூ திராட்சையின் சாற்றில் சர்க்கரை 16 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம், அது மி.லி.க்கு 160 மி.கி. 200 மடங்கு நீர்த்தால் 0.8. ஒரே தடவையில் 1 மி.லி.யை 200 ஆக்குவதைவிட, 5 மி.லி.யை 100 ஆக்கி, அதில் 10 மி.லி.யை மறுபடி 100 ஆக்குவது நல்லது. பிப்பெட்டின் பிழை குறையும். இளநீருக்கு 100 மடங்கு போதும். திராட்சையின் கருநீலம் இத்தனை மடங்கு நீர்ப்பில் கிட்டத்தட்ட மறைந்துவிடும் என்பதும் இந்த முறைக்குச் சாதகம். குறைவாக நீர்க்கும் மாதிரிகளில், டி.என்.எஸ். தூள் மட்டும் இல்லாமல் மற்றதெல்லாம் சேர்த்த ஒரு பிளாங்கையும் வைத்து அதன் அளவீட்டைக் கழியுங்கள்.

இந்த முறையின் பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். வெவ்வேறு சர்க்கரைகள் ஒரே எடைக்கு ஒரே நிறத்தைத் தருவதில்லை. குளுக்கோஸ் ஸ்டாண்டர்டை வைத்து மால்டோஸை அளந்தால் எண் தப்பும். மால்டோடெக்ஸ்ட்ரின் கலந்த பானப் பொடிகளில் நீண்ட சங்கிலிக்கு ஒடுக்கும் முனை ஒன்றுதான், டி.என்.எஸ். அதை மிகக் குறைத்தே காட்டும்.

சுக்ரோஸை உடைத்துக் காட்டுவது

கரும்புச் சாறு, வெல்லப் பாகு, சர்க்கரை போட்ட ஷர்பத் எல்லாவற்றுக்கும் ஒரு படி கூடுதல் வேலை உண்டு. அமிலத்தில் சுக்ரோஸைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரித்த பிறகு டி.என்.எஸ். செய்ய வேண்டும்.

20 மடங்கு நீர்த்த சாறு 50 மி.லி., அதில் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 5 மி.லி. 67 முதல் 70 டிகிரி வரையுள்ள பாத்தில் 10 நிமிடம். உடனே குளிரவைத்து, நிறங்காட்டியான ஃபினால்ஃப்தலீன் சொட்டு விட்டு, சோடியம் ஹைட்ராக்சைடால் நடுநிலையாக்கி 100 மி.லி. ஆக்குங்கள். இப்போது மொத்த நீர்ப்பு 40 மடங்கு. இன்னும் 10 மடங்கு நீர்த்து டி.என்.எஸ். செய்யலாம். வெப்பம் கூடினாலோ நேரம் நீண்டாலோ ஃபிரக்டோஸ் சிதைந்து கரைசல் பழுப்பாகும். நடுநிலையாக்க மறந்தால் அமிலம் டி.என்.எஸ்.ஸின் காரத்தைக் கொன்றுவிடும், நிறமே வராது. சர்க்கரையே இல்லை என்று எழுதிக்கொண்டு போகும் மாணவர்கள் பெரும்பாலும் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

கணக்கில் 0.95ஆல் பெருக்கும் ஒரு படி உண்டு. 342 கிராம் சுக்ரோஸ் 18 கிராம் நீரைச் சேர்த்துக்கொண்டு 360 கிராம் ஒடுக்கும் சர்க்கரையாகிறது. உதாரணத்துக்கு, உடைக்கும் முன் 0.8 சதவீதம், உடைத்த பின் 17.8 என்றால் வித்தியாசம் 17.0; சுக்ரோஸ் 17.0 × 0.95 = 16.15 சதவீதம். எலுமிச்சை பிழிந்து சில நாள் வைத்த ஷர்பத்தில் உடைக்கும் முன்பே எண் கூடுதலாக இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். அமிலம் ஏற்கெனவே வேலையைத் தொடங்கியிருக்கும்.

ஃபெலிங் தரம்பார்த்தல்: கருவி இல்லாதவர்களின் பலம்

கலரிமீட்டர் இல்லையா? ஒரு பியூரெட்டும் (அளந்து சொட்டு விடும் கண்ணாடிக் குழாய்) அடுப்பும் போதும். பெனடிக்டைப் போலவே காப்பர் கரைசலான ஃபெலிங் கரைசல் 1849 முதல் இருக்கிறது. லேன், ஐனான் இருவரும் 1923இல் மெத்திலின் ப்ளூவை நிறங்காட்டியாகச் சேர்த்து அதை நம்பகமான அளவு முறையாக்கினார்கள். பொறுமையாகச் செய்தால் இதன் துல்லியம் மலிவான கலரிமீட்டரைவிட மேல் என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஏ கரைசல்: லிட்டருக்குக் காப்பர் சல்ஃபேட் 69.28 கிராம். பி கரைசல்: லிட்டருக்கு ரோஷல் உப்பு 346 கிராம், சோடியம் ஹைட்ராக்சைடு 100 கிராம். இரண்டையும் தனித்தனியே வைத்திருந்து, செய்யும்போது 5 மி.லி. வீதம் கூம்புக் குடுவையில் கலக்க வேண்டும். பியூரெட்டில் நிரப்புவது சர்க்கரைக் கரைசல்; பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதல் தடவை தோராயமாகப் பாருங்கள். இரண்டாம் தடவை, தேவைக்கு 1 மி.லி. குறைவாகச் சர்க்கரைக் கரைசலை முதலிலேயே விட்டு, 2 நிமிடம் கொதிக்கவைத்து, மெத்திலின் ப்ளூ 3 சொட்டு சேர்த்து, அடுத்த ஒரு நிமிடத்துக்குள் சொட்டுச் சொட்டாக முடியுங்கள். நீலம் போய்ச் செங்கல் சிவப்பு மட்டும் தெரியும் இடம்தான் முடிவு. கொதி நிற்கக் கூடாது. நின்றால் காற்று உள்ளே புகுந்து நீலம் திரும்பும். குடுவையின் ஆவி பியூரெட்டைச் சூடாக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

10 மி.லி. ஃபெலிங்குக்கு ஏறக்குறைய 50 மி.கி. ஒடுக்கும் சர்க்கரை. இதைப் புத்தகத்திலிருந்து எடுக்காமல், மி.லி.க்கு 2 மி.கி. குளுக்கோஸ் கரைசலால் நீங்களே கண்டுபிடியுங்கள். அது 25.4 மி.லி. பிடித்தால் உங்கள் எண் 50.8. பிறகு 20 மடங்கு நீர்த்த இளநீர் 22.6 மி.லி. பிடித்தால், 50.8ஐ 22.6ஆல் வகுத்து 20ஆல் பெருக்க, மி.லி.க்கு சுமார் 45 மி.கி.; அதாவது 4.5 சதவீதம். அளவு 15 மி.லி.க்குக் கீழோ 50க்கு மேலோ போனால் நீர்ப்பை மாற்றுங்கள்.

ஃபினால்–கந்தக அமிலம்: எல்லாவற்றையும் எண்ணும் முறை

டுபுவாவும் உடன் பணியாற்றியவர்களும் 1956இல் வெளியிட்டது. மாதிரி 1 மி.லி., 5 சதவீத ஃபினால் 1 மி.லி., அடர் கந்தக அமிலம் 5 மி.லி. அமிலத்தை நேராகத் திரவத்தின் மேல் வேகமாக விட வேண்டும். கலக்கும் சூடே வினையை நடத்தும், வாட்டர் பாத் தேவையில்லை. ஆகவே பெங்களூர் உயரம் இந்த முறையைத் தொடுவதில்லை. 10 நிமிடம் கழித்துக் கலக்கி, இன்னும் 20 நிமிடம் அறை வெப்பத்தில் வைத்து 490 நானோமீட்டரில் படிக்கலாம்.

சுக்ரோஸைத் தனியாக உடைக்க வேண்டாம், அமிலமே உடைத்துவிடும். மாவுச்சத்து, மால்டோடெக்ஸ்ட்ரின், பெக்டின் எல்லாமே கணக்கில் வரும். அதுவே இதன் குறையும்கூட: ஸ்டீவியா போட்ட "சர்க்கரை இல்லாத" பானத்திலும் நிறம் எழும், ஏனென்றால் அந்த மூலக்கூறுகளிலேயே குளுக்கோஸ் ஒட்டியிருக்கிறது. குழாய்க்கு 10 முதல் 70 மைக்ரோகிராம் வரைதான் தாங்கும் என்பதால் கரும்புச் சாற்றை 4000 மடங்கு நீர்க்க வேண்டிவரும். குழாயைத் துடைத்த டிஷ்யூ பேப்பரின் ஒரு நூல் உள்ளே கிடந்தாலும் செல்லுலோஸ் சர்க்கரையாகக் காட்டும்.

ஃபியூம் ஹூட் (ஆவியை வெளியே இழுக்கும் கூண்டு), கையுறை, கண்ணாடி மூன்றும் இல்லாத இடத்தில் இதைச் செய்யவே வேண்டாம். ஃபினால் தோலில் பட்டால் முதலில் வலி தெரியாமலே புண்ணாக்கும். வீட்டுச் சமையலறைக்கும் பள்ளிக்கும் இது உரியதல்ல. ஆந்த்ரோன் முறையும் இதே குடும்பம்தான். பச்சை நிறம், 630 நானோமீட்டர், வினைப்பொருளை அன்றன்றே புதிதாகத் தயாரிக்க வேண்டும். நெல்சன்–சோமோகி முறையில் ஆர்சனிக் சேர்மம் இருப்பதால், வேறு வழி இருக்கும்போது அதைத் தொட வேண்டியதில்லை.

ஜி.ஓ.டி.–பி.ஓ.டி.: குளுக்கோஸை மட்டும்

ரத்தச் சர்க்கரை பார்க்கும் லேப்களில் இருக்கும் அதே கிட். குளுக்கோஸ் ஆக்சிடேஸ் (ஜி.ஓ.டி.) என்ற நொதி குளுக்கோஸிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்க, பெராக்சிடேஸ் (பி.ஓ.டி.) என்ற நொதி அதைக்கொண்டு இளஞ்சிவப்புச் சாயத்தை எழுப்பும். 1 மி.லி. வினைப்பொருள், 10 மைக்ரோலிட்டர் மாதிரி, 37 டிகிரியில் 10 முதல் 15 நிமிடம், 505 நானோமீட்டர். கொதிக்கவைக்கும் வேலை இல்லை, அமிலம் இல்லை. கிட்டோடு வரும் ஸ்டாண்டர்டு டெசிலிட்டருக்கு 100 மி.கி.; திராட்சைச் சாற்றை 100 மடங்கு நீர்த்தால் அதன் அருகில் வந்துவிடும். மருந்துக்கடையில் கிடைக்கும் சிறுநீர் குளுக்கோஸ் ஸ்ட்ரிப்பும் இதே வேதியியல்தான். தோராயத்துக்கு அது போதும். குளுக்கோமீட்டரை மட்டும் சாற்றில் முயலாதீர்கள். அதன் கணக்கு ரத்தத்துக்காகச் செய்யப்பட்டது.

நொதித்தலைக் கவனிப்பவர்கள் இந்த முறையில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஈஸ்ட் குளுக்கோஸை முதலில் தின்னும், ஃபிரக்டோஸ் பின்தங்கும். திராட்சை ரசத்தில் ஜி.ஓ.டி.–பி.ஓ.டி. கிட்டத்தட்ட பூஜ்ஜியம் காட்டும் நாளிலும் இனிப்பு மிச்சம் இருக்கலாம். அந்த நம்பிக்கையில் பாட்டிலில் அடைத்தால் நொதித்தல் உள்ளே தொடர்ந்து வாயு கூடும், பாட்டில் வெடிக்கவும் கூடும். கொம்புச்சாவில் தொடக்கத்தில் சுக்ரோஸ் உடைய உடைய ஒடுக்கும் சர்க்கரை ஏறும், பிறகுதான் இறங்கும். இரண்டுக்குமே உடைத்துச் செய்த டி.என்.எஸ். அல்லது ஃபெலிங்தான் சரி. ஒளி வளைவதை வைத்து அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் காட்டும் பிரிக்ஸ் (சர்க்கரைச் சதவீத அளவு) கரும்புச் சாற்றுக்கு நொடியில் நல்ல விடை தரும்; ஆனால் ஆல்கஹால் உண்டான பிறகு அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

வைட்டமின் சி இங்கே பெனடிக்டுக்கு நேர்மாறாக வேலை செய்யும்: பெராக்சைடைத் தின்று எண்ணைக் குறைக்கும். நெல்லி, கொய்யா, ஆரஞ்சுக்கு நன்றாக நீர்த்த பிறகே நம்புங்கள்.

போன் கேமராவால் படிப்பது

பள்ளிகளுக்கு இதைத் தயங்காமல் சொல்லலாம், டி.என்.எஸ். ஆரஞ்சுக்கு நன்றாகவே வரும். ஸ்டாண்டர்டுகளையும் மாதிரியையும் ஒரே வெள்ளைத்தாள் முன் வரிசையாக நிறுத்தி ஒரே படமாக எடுங்கள். தனித்தனிப் படங்கள் வேண்டாம், கேமரா ஒவ்வொன்றுக்கும் வெளிச்சத்தைத் தானே மாற்றிக்கொள்ளும். பச்சைச் சேனல் எண்ணைப் படித்து, பிளாங்கின் எண்ணை மாதிரியின் எண்ணால் வகுத்து மடக்கை எடுங்கள். கோடு கொஞ்சம் வளையும். ஸ்டாண்டர்டுகளை ஐந்தாறாக வைத்து, அவற்றுக்கு நடுவில் விழும் மாதிரியை மட்டும் நம்பினால் அது தொந்தரவு செய்யாது.

லேபிளில் அச்சிடப்போகும் எண்ணுக்கு இந்த முறைகள் எதுவும் போதாது, என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற கூடத்தில் எச்.பி.எல்.சி. (சர்க்கரைகளைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் கருவிச் சோதனை) செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு பேட்ச்சும் முந்தையதைப் போல வந்திருக்கிறதா என்று உங்கள் இடத்திலேயே பார்க்க டி.என்.எஸ். போதும், கலரிமீட்டர் வாங்கும்வரை ஃபெலிங். காப்பர் கலந்த கழிவையும் டி.என்.எஸ். கழிவையும் சிங்க்கில் ஊற்றாமல் தனித்தனிக் கேனில் சேர்த்து வைத்து, கல்லூரி ஆய்வகக் கழிவோடு அனுப்புங்கள். அமிலக் கழிவு ஆறிய பிறகு அதைத்தான் நிறைய நீரில் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும், நீரை அதில் விடக் கூடாது.